'லெட்' என்றால் விடு, 'லெட்' என்றால் தடு

நம் குடியிருப்பில் எந்த மாதம் பார்த்தாலும் ஏதாவது ஒரு பால்கனியில் 'டூ லெட்' பலகை தொங்கிக்கொண்டிருக்கும். பள்ளிகள் ஆண்டு விடுமுறை விடும் ஏப்ரல், மே மாதங்களில் எண்ணிக்கை கொஞ்சம் கூடும். வாட்ச்மேனிடம் வந்து "டூலெட் ஏதாவது இருக்கா?" என்று கேட்பவர்கள் யாரும் ஆங்கிலம் பேசுவதாக நினைத்துக் கேட்பதில்லை. அந்த அளவுக்கு அது நம் தெருவின் சொல்லாகிவிட்டது. செழியன் இயக்கித் தேசிய விருது பெற்ற ஒரு தமிழ்ப் படத்துக்குப் பெயரே அதுதான்.

அந்தப் பலகையில் இருக்கும் 'லெட்' மூன்றெழுத்துச் சொல். பள்ளிக்கூடத்தில் முதல் ஒன்றிரண்டு வருடங்களிலேயே படித்துவிடுகிறோம். 'விடு', 'அனுமதி கொடு' என்று பொருள். ஆனால் இதே மூன்றெழுத்துக்கு 'தடு', 'தடை' என்ற நேர் எதிரான பொருளும் உண்டு. இரண்டு பொருளும் இன்றும் வழக்கில் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே நம் வீட்டு பீரோவில் இருக்கின்றன. வாடகை ஒப்பந்தத்தில் இருப்பது ஒரு 'லெட்'. பாஸ்போர்ட்டில் இருப்பது வேறு 'லெட்'.

ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட வினைச்சொல் எது என்று கேட்டால், 'செட்' என்றோ 'ரன்' என்றோ சொல்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' முதலிடத்தில் இருந்தது. பிறகு நடந்த திருத்தப் பணியில் 'ரன்' 600-க்கும் மேற்பட்ட பொருள்களோடு அதை முந்திவிட்டது. எண்ணிக்கையில் 'லெட்' அவற்றோடு போட்டி போட முடியாது. ஆனால் ஒரே உடம்பில் இரண்டு எதிர்ப்பொருள்களைச் சுமந்துகொண்டு ஆயிரம் ஆண்டுகளாக நடமாடும் சொல் என்பதால், அதன் கதை தனிச் சுவையானது. சில இடங்களில் துயரமானதும் கூட.

இரண்டு சொற்கள், ஒரே முகம்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனிச் சொற்கள். ஒன்று 'லேட்டன்' போல ஒலித்தது. அதற்கு 'விடு', 'விட்டுச் செல்', 'அனுமதி' என்று பொருள். மற்றொன்று 'லெத்தன்'. இதற்குத் 'தாமதப்படுத்து', 'தடு' என்று பொருள். எழுத்திலும் உச்சரிப்பிலும் வேறுபாடு தெளிவாக இருந்ததால், அன்றைய மக்களுக்குக் குழப்பம் வரவில்லை.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் ஆங்கிலம் வேகமாக மாறத் தொடங்கியது. வினைச்சொற்களின் கடைசியில் இருந்த அசைகள் உதிர்ந்தன. நெடிலாக இருந்த சில உயிரொலிகள் குறிலாயின. அந்த மாற்றங்களின் முடிவில் 'லேட்டன்' என்பதும் 'லெட்', 'லெத்தன்' என்பதும் 'லெட்' என்றாகிவிட்டது.

இன்னும் பின்னோக்கிப் போனால் வேறொரு வியப்பு இருக்கிறது. இரண்டும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை என்பது மொழியியலாளர்களின் முடிவு. அந்த வேரின் பொருள் 'தளர்தல்', 'தளர்த்துதல்'. பிடியைத் தளர்த்தினால் அது விடுதல். உடல் தளர்ந்தால் நடை மெதுவாகும். மெதுவானால் தாமதம், தாமதமானால் தடை. ஆங்கிலத்தில் 'லேட்' என்று நாம் தினமும் சொல்கிறோமே, அது தடுக்கும் 'லெட்'டின் உடன்பிறப்பு. 'லாஸ்ட்', அதாவது கடைசி, என்பதும் அதே குடும்பம்தான். துயரத்தில் சொல்லும் 'அலாஸ்' என்ற சொல்லும் லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்த தூரத்து உறவு. ஆக, ஒரே தாய்க்குப் பிறந்த இருவர் பிரிந்துபோய், எதிரெதிர் குணத்தோடு வளர்ந்து, கடைசியில் ஒரே முகச்சாயலோடு ஒரே வீட்டுக்குத் திரும்பிய கதை இது.

மற்ற மொழிகளிலும் தடயம் இருக்கிறது. ஜெர்மானியர்கள் இன்று 'விடு' என்பதற்கு 'லாசன்' என்கிறார்கள். காயப்படுத்துவதற்கு 'ஃபெர்லெட்சன்' என்கிறார்கள். முதலாவது அனுமதிக்கும் 'லெட்'டின் பங்காளி. இரண்டாவது தடுக்கும் 'லெட்'டின் பங்காளி.

ஒரே அத்தியாயத்தில் இரண்டும்

முகம் ஒன்றான பிறகும் சில நூற்றாண்டுகள் இரண்டு பொருளும் சேர்ந்தே புழங்கின. இதற்கு நல்ல சான்று 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிள். அதில் யாத்திராகமம் ஐந்தாம் அத்தியாயத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் மோசேயும் ஆரோனும் பார்வோனிடம் போய்த் தங்கள் மக்களைப் போகவிடும்படி கேட்கிறார்கள். அங்கே வரும் வினை 'லெட்'. மூன்று வசனம் தள்ளி எகிப்து மன்னன் அவர்களைப் பார்த்து, ஜனங்களை வேலை செய்யவிடாமல் ஏன் தடுக்கிறீர்கள் என்று கேட்கிறான். அங்கேயும் 'லெட்'தான்! அன்றைய வாசகர் இடத்தை வைத்துப் பொருளைப் புரிந்துகொண்டார். இன்றைய வாசகர் திகைத்துப்போவார்.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்திலும் இப்படி ஓர் இடம் உண்டு. தந்தையின் ஆவி கூப்பிடுகிறது. நண்பர்கள் போகாதே என்று பிடித்து இழுக்கிறார்கள். தன்னை 'லெட்' செய்கிறவனைக் கொன்று ஆவியாக்கிவிடுவேன் என்று ஹாம்லெட் மிரட்டுகிறான். இன்றைய பொருளில் படித்தால், தன்னைப் போகவிடுகிறவனையே கொல்வேன் என்று சொல்வது போல் ஆகிவிடும்.

இத்தகைய குழப்பத்தை ஒரு மொழி அதிக நாள் தாங்காது. 'ஹிண்டர்', 'பிரிவென்ட்' போன்ற வேறு சொற்கள் தடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டன. 1881-இல் திருத்தப்பட்ட புதிய ஏற்பாடு வெளியானபோது, தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் தடுத்தல் என்ற பொருளில் இருந்த பழைய 'லெட்'டை எடுத்துவிட்டு வேறு சொல்லைப் போட்டார்கள்.

தடுக்கும் 'லெட்' இன்று எங்கே?

முற்றாக ஒழிந்துவிடவில்லை. மூன்று இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலாவது விளையாட்டு மைதானம். டென்னிஸில் சர்வீஸ் போட்ட பந்து வலையை உரசிவிட்டுச் சரியான கட்டத்தில் விழுந்தால், நடுவர் 'லெட்' என்பார். அந்த சர்வீஸ் கணக்கில் வராது, மறுபடி போட வேண்டும். பந்தின் வழியில் தடை வந்துவிட்டது என்று பொருள். ஸ்குவாஷில் இது இன்னும் தெளிவு. எதிராளி குறுக்கே நின்று வழியை மறைத்தால், ஆடுபவர் 'லெட்' கேட்கிறார். நம் பிள்ளைகளில் சிலர் இதை 'நெட்' என்று நினைத்துக் கத்துவதுண்டு. பந்து பட்டது வலையில் என்பதால் அதுவும் பொருத்தமாகத்தான் தோன்றும்.

இரண்டாவது பாஸ்போர்ட். இந்தியப் பாஸ்போர்ட்டில், குடியரசுத் தலைவரின் பெயரால் பிற நாட்டு அதிகாரிகளை வேண்டிக்கொள்ளும் ஒரு வாசகம் அச்சாகியிருக்கும். இந்த நபரை 'லெட்'டோ 'ஹிண்டரன்ஸோ' இல்லாமல் போகவிடுங்கள் என்பது அதன் சாரம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் வாசகத்தை ஒட்டி வந்தது இது. தமிழில் சொன்னால் 'தங்கு தடையின்றி'. நாம் எப்படி 'தங்கு', 'தடை' என்று இரண்டைச் சேர்த்துச் சொல்கிறோமோ, அதேபோல் ஆங்கிலச் சட்ட மொழிக்கும் ஒரே பொருளுள்ள சொற்களை இரண்டிரண்டாக அடுக்கும் பழக்கம் உண்டு. அந்த அடுக்கில் மாட்டிக்கொண்டதால் பழைய 'லெட்' பிழைத்தது.

மூன்றாவது கிரயப் பத்திரம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பத்திரங்களில், வாங்குபவர் சொத்தை எவ்வித 'லெட்'டும் இடையூறும் இல்லாமல் ஆண்டு அனுபவிக்கலாம் என்ற வகையில் ஒரு ஷரத்து அடிக்கடி வரும். இதைப் படித்துவிட்டு, 'வாடகைக்கு விடக்கூடாது என்று போட்டிருக்கிறதே' என்று யாராவது கலங்கினால், கலங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அது தடையின்மையைச் சொல்லும் வரி. வாடகையைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

ரத்தம் விட்ட காலம்

இனி அனுமதிக்கும் 'லெட்'டுக்கு வருவோம். அனுமதி என்பது அதன் பல முகங்களில் ஒன்றுதான். அதன் அடிப்படைப் பொருள், பிடித்து வைத்திருப்பதைப் போகவிடுவது. தண்ணீர் வெளியேறும் வழி 'அவுட்லெட்', உள்ளே வரும் வழி 'இன்லெட்'. நம் சம்ப், மோட்டார் வேலைக்கு வரும் பிளம்பர் தினமும் சொல்லும் சொற்கள். அதேபோல உடம்பிலிருந்து ரத்தத்தைப் போகவிடுவதும் ஆங்கிலத்தில் 'லெட்' ஆனது. பழைய ஆங்கில மருத்துவ நூல்களிலேயே இந்த வழக்கு இருக்கிறது.

உடம்பில் கெட்ட ரத்தம் மிகுந்தால் நோய் வரும், அதைக் கீறி வெளியே விட்டால் குணமாகும் என்று ஐரோப்பா நெடுங்காலம் நம்பியது. இங்கிலாந்தில் இந்த வேலையை முடிதிருத்துவோரும் செய்தார்கள். 1540-இல் லண்டனில் முடிதிருத்துவோரும் அறுவை வைத்தியர்களும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டார்கள். 1745-இல்தான் பிரிந்தார்கள். மேல்நாட்டு சலூன் வாசலில் சுழலும் சிவப்பு, வெள்ளைக் கம்பத்தை அந்தக் காலத்தின் மிச்சம் என்று சொல்வார்கள்.

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14 அன்று தொண்டை நோயால் இறந்தார். இறந்த அன்று நான்கு முறை அவர் ரத்தத்தை வெளியே விட்டார்கள். மொத்தம் இரண்டு லிட்டருக்கும் மேல். மருத்துவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே, முதல் முறை ரத்தம் எடுக்கச் சொன்னவர் அவரேதான். செய்தவர்கள் யாரும் விரோதிகளில்லை. எல்லோரும் நல்லதே நினைத்தார்கள். நம்பிக்கை தவறாக இருந்தது.

'லெட்'டும் 'லீஸு'ம்

நம் பலகைக்கு வருவோம். உடைமையைத் தன்னிடமிருந்து பிறரிடம் போகவிடுவது என்ற பொருளிலிருந்து, வாடகைக்கு விடுவது என்ற பொருள் வந்தது. இதில் தமிழும் அதே வழியில் போயிருப்பதைக் கவனியுங்கள். நாமும் வீட்டை வாடகைக்கு 'விடுகிறோம்'. தமிழில் 'வீடு' என்ற சொல்லே 'விடு' என்பதிலிருந்து வந்தது. கெடு என்பது கேடு ஆவது போல, சுடு என்பது சூடு ஆவது போல, விடு என்பது வீடு ஆயிற்று. பற்று விட்ட நிலைக்கும் வீடு என்றே பெயர்.

'டூ லெட்' என்ற அமைப்பு இலக்கணப்படி கொஞ்சம் விநோதமானது. வீடு எதையும் விடுவதில்லை, வீடுதான் விடப்படுகிறது. பழைய ஆங்கிலத்தில் இந்த மாதிரி இடங்களில் செயப்பாட்டு வினை தேவைப்படவில்லை. அந்தப் பழக்கம் பலகையில் உறைந்துவிட்டது. அமெரிக்கர்கள் 'ஃபார் ரெண்ட்' என்று எழுதுகிறார்கள். நாம் பிரிட்டிஷ் வழக்கை எடுத்துக்கொண்டோம். நடுவில் ஓர் எழுத்தைச் செருகி அதைக் 'டாய்லெட்' ஆக்கும் சிறுவர் குறும்பும் அதனால் நமக்கு வந்து சேர்ந்தது.

வாடகை ஒப்பந்தத்தில் 'லெட்'டுக்குப் பக்கத்திலேயே 'லீஸ்' என்ற சொல் இருக்கும். இது நார்மன்களோடு வந்த பிரெஞ்சுச் சொல். பிரெஞ்சில் 'லெஸ்ஸே' என்றால் விடு. லத்தீனில் தளர்த்துவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 'ரிலாக்ஸ்', 'ரிலீஸ்' எல்லாம் இதன் பிள்ளைகள். பொருளும் ஒன்று, ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனாலும் ஆங்கில 'லெட்'டுக்கும் பிரெஞ்சு 'லெஸ்ஸே'வுக்கும் ரத்த உறவு கிடையாது. தற்செயலாக ஒத்துப்போனவை.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. சென்னையில் 'லீஸுக்கு வீடு' என்றால், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது. சட்டத்தின் பார்வையில் அப்படியல்ல. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி மாத வாடகைக்கு விடுவதும் 'லீஸ்'தான். எனவே பத்திரத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தவுடன் ஒத்தி என்று நினைத்துவிடக் கூடாது. 'சப்லெட்' என்று வந்தால் உள்வாடகை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது. வாய்மொழிச் சம்மதம் போதாது.

'விட்டுவிடு' என்ற கொள்கை

அந்தப் பிரெஞ்சுச் சொல் இன்னொரு பெரிய வேலையும் செய்தது. 'லெஸ்ஸே ஃபேர்' என்று பொருளாதாரத்தில் ஒரு கொள்கை உண்டு. வியாபாரத்தை அதன் போக்கில் விட்டுவிடு, அரசு தலையிடாதே என்பது அதன் சாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதை 'லெட் அலோன்' கொள்கை என்றும் சொன்னார்கள். 'கார் வாங்குவதை விடுங்கள், சைக்கிளுக்கே காசில்லை' என்று நாம் சொல்லும் 'விடுங்கள்' இருக்கிறதே, ஆங்கிலத்தில் அதற்கும் இதே 'லெட் அலோன்'தான்.

அரசின் கட்டுப்பாடுகளிலிருந்து வணிகர்களுக்கு விடுதலை கேட்டுப் பிறந்த கொள்கை அது. பஞ்ச காலத்தில் அதைப் பின்பற்றியபோது நிலைமை வேறாகிவிட்டது. 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு விளைச்சல் அழுகியது. லண்டன் கருவூலத்தில் நிவாரணப் பொறுப்பில் இருந்த சார்லஸ் ட்ரெவெலியன், தானியச் சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டே போனார்கள். இதே ட்ரெவெலியன் 1859-இல் மதராஸ் கவர்னராக வந்தார். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் அவர் காலத்தில் உருவானதுதான் பீப்பிள்ஸ் பார்க்.

1876-இல் பஞ்சம் நம் பக்கமே வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மதராஸ் கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபு, இருப்பு வைக்க 30,000 டன் தானியம் வாங்கினார். வைஸ்ராய் லிட்டனின் அரசு அதைக் கண்டித்தது. தானியத்தை வியாபாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்றது. நிலைமையைப் பார்க்க சர் ரிச்சர்ட் டெம்பிள் அனுப்பப்பட்டார். 1873-74 பிகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி இறக்கி மக்களைக் காப்பாற்றியவர் அவர். ஆனால் அதிகம் செலவழித்துவிட்டார் என்று கண்டனம் வாங்கியவரும் அவரே. இம்முறை கையை இறுக்கிக்கொண்டார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு.

மதராஸ் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். கடும் வேலை செய்கிறவனுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், கூடவே காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று எழுதினார். 1877-இல் மதராஸ் அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் நிறையப் பேர் போய்விட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் மதிப்பீடு. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத் தொழிலாளர்கள் வெட்டியது. பக்கிங்ஹாம் கால்வாய் என்ற பெயர் அப்போது வந்தது. 1880-இல் பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு, பஞ்ச காலத்தில் அரசு என்ன செய்ய வேண்டும் என்று விதிகள் எழுதப்பட்டன. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட முடியாது என்பதை அரசு எழுத்தில் ஒப்புக்கொள்ள இத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது.

தமிழில் 'விடு' என்ற ஒரே வேரிலிருந்து 'விடுதலை'யும் வருகிறது, 'கைவிடுதல்' என்பதும் வருகிறது. விடுவது எப்போது விடுதலை, எப்போது கைவிடுதல் என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை. யாரை, எந்த நிலையில் விடுகிறோம் என்பதுதான் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்துக்கும் அதே கதைதான். அனுமதியும் தடையும் ஒரே மூன்றெழுத்துக்குள் இருப்பதால், பத்திரமோ ஒப்பந்தமோ கையெழுத்துக்கு வரும்போது அந்தச் சொல் எந்தப் பொருளில் நிற்கிறது என்று ஒருமுறை நிதானித்துப் படித்துவிடுவது நல்லது. சந்தேகம் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் நம் குடியிருப்பில் இருக்கும் வழக்கறிஞர் அன்பர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுபோல உங்கள் தொழிலிலோ வீட்டிலோ புழங்கும் விநோதமான சொல் ஏதாவது இருந்தால், அடுத்த காலாண்டு இதழுக்கு எழுதி அனுப்புங்கள். மற்றவர்களும் படிக்கட்டும்.